நடுச்சுவரைத் தாண்டி வந்த கிட்டார்

மூன்றாவது முறையும் சென்னையிலிருந்து அதே பதில்தான் வந்தது.

“வாசிப்புல ஒரு குறையும் இல்லிங்க. சத்தம்தான் இது இல்ல,” என்றார் சந்திரமோகன். ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருப்பவர். காலையிலிருந்து பிரகாஷ் அவருடைய குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான், முகம் தெரியாது. “நல்ல கிட்டார் சத்தம் எனக்கு இங்கயே கிடைக்கும். சாருக்கு அந்தத் தொட்டில் வீடியோவுல இருக்கிற சத்தம் வேணும். ஆறு மணிக்குள்ள வரலைன்னா இங்க ஒருத்தரை வச்சு வாசிச்சிருவோம். ராத்திரி மிக்ஸிங். தப்பா எடுத்துக்காதீங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த ஜெமிமா எல்லாவற்றையும் கேட்டாள். சுருதி சேர்ந்தே இருந்த ஒரு கம்பியை மறுபடி முறுக்கினாள்.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது பிரகாஷின் ஒலிப்பதிவுக் கூடம். ஆடி மாதத்துக்கு முன்னால் காவடிக் குழுக்கள் வந்து முருகன் பாட்டுப் பதிவு செய்வார்கள். நவம்பர் பிறந்தால் சுற்றுப்பட்டுச் சபைகளிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுகள் வரும். அப்படித்தான் ஜெமிமா அவனுக்குப் பழக்கம். தனியார் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள். சினிமாப் பாட்டு ஒன்றில் வாசிக்க அவளை யாரும் கூப்பிட்டதில்லை, இப்போதுதான் முதல் முறை. இன்று நழுவினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அதனால் அதைப் பேசவில்லை.

வாய்ப்பு வந்த விதம் வேடிக்கையானது. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஜெமிமாவின் வீட்டுக்குப் பக்கத்து வீடு கன்னியம்மாளுடையது. அவள் மகள் அனிதா பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஒரு நாள் மாலை குழந்தை தொட்டிலில் மெல்ல மெல்லக் கண் மூடுவதை அனிதா போனில் படமெடுத்துத் தன் புருஷனுக்கு அனுப்பினாள். அவன் பெருமையில் அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டான். படத்தில் ஜெமிமா இல்லை, அவள் கிட்டாரும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவள் வாசித்துக்கொண்டிருந்தது மட்டும் பின்னால் கேட்டது. கூர்மையெல்லாம் உதிர்ந்து, மரப்பெட்டிக்குள் யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம். எப்படியோ அது அந்த இசையமைப்பாளரின் காதுக்குப் போனது. தன்னுடைய மெட்டு ஒன்றை அனுப்பி, இதே சத்தத்தில் வாசித்துத் தரச் சொல்லிவிட்டார்.

பிரகாஷ் காலையில் மிகுந்த நம்பிக்கையோடு ஆரம்பித்தான். ஜெமிமாவின் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, ஆட்டோவில் வந்து இறங்கியது. நடுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு, அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தான்.

“வீட்ல நான் ஆம்ப்ப இப்பிடி வைக்க மாட்டேண்ணா...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“வீடு வேற, ஸ்டூடியோ வேற ஜெமி. நீ வாசிக்கிறத மட்டும் பாரு. மைக்க நான் பாத்துக்கறேன்.”

அவள் கிட்டாரை எடுத்துக்கொண்டாள்.

மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் ஒட்டி வைத்தான். சத்தம் ஊசிபோல வந்தது. மைக்கை ஓரத்துக்கு நகர்த்தினான். ஊசி மழுங்கியது, ஆனால் மூக்கடைத்தவன் பேசுவதுபோல இருந்தது. ஒரு சாண் பின்னால் இழுத்தான், சதையெல்லாம் போய் எலும்பு மட்டும் நின்றது. பிறகு சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை அறையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனான். தூரத்திலிருந்து கேட்ட சத்தம்தானே அது என்று நினைத்தான். அறை கேட்டது, கிட்டார் கேட்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, ஒரு மலிவான போனையே ஸ்டாண்டில் கட்டிப் பதிவு செய்தான். மூன்றாவதாகச் சென்னைக்குப் போனது அதுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். தெருவில் பம்பையும் உடுக்கையும் போய்க்கொண்டே இருந்தன. ஒரு காவடிக் கூட்டம் போய் அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் பதிவு செய்ய முடிந்தது. சுவரில் ஒட்டியிருந்த பஞ்சையெல்லாம் தாண்டிக்கொண்டு மேளம் உள்ளே வந்தது.

“வேற மைக் வாடகைக்கு எடுக்கலாமா?” என்றான் பிரகாஷ், தனக்குத் தானே.

“வேணாண்ணா. விட்டுருங்க. அவங்களே யாரையாவது வச்சு வாசிச்சிக்கட்டும்.”

“ஏன், கை வலிக்குதா?”

“இல்ல. உங்க மூஞ்ச பாக்க முடியல. பரீட்ச எழுதற பையன் மாதிரி கீது.”

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. அந்த வீடியோவை மறுபடி போட்டான். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். காலையிலிருந்து எதை எங்கே வைப்பது என்று தன் மூளையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று வாசித்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேட்கவில்லை.

“ஜெமி, காலையில இன்னாவோ சொல்ல வந்தியே. வீட்ல ஆம்ப்ப எப்பிடி வைப்ப?”

அவள் தயங்கினாள். “சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“எங்க வூட்டுக்கும் கன்னியம்மா வூட்டுக்கும் ஒரே ஓடுண்ணா. நடுவுல சுவர் இருக்கும், ஆனா மேல ஓட்டத் தொடாது. இங்க தும்முனா அங்க கேக்கும். அனிதா கொழந்த வந்ததுல இருந்து, அது தூங்கட்டும்னு ஆம்ப்ப திருப்பி வச்சிருவேன். மூஞ்சி மூலையப் பாத்த மாதிரி. அந்த மூலையில மெத்த, தலகாணி, போர்வ எல்லாத்தையும் அடுக்கிடுவேன். சத்தம் அதுக்குள்ளயே அமுங்கிடும்னுதான்.”

பிரகாஷ் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஆம்ப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். பெட்டியின் முதுகு பாதி திறந்திருந்தது. ஸ்பீக்கரின் பின்புறம் கூம்பாக இருட்டில் தெரிந்தது. முகத்தைத் தலையணையில் புதைத்தால் சத்தம் முதுகு வழியாகத்தான் வரும். அதுதான் ஓட்டுக்கு ஏறி, சுவரைத் தாண்டி, தொட்டிலுக்குப் போயிருக்கிறது.

“நாம காலையில இருந்து அதோட மூஞ்சிகிட்ட மைக்க நீட்டிகினு இருக்கோம்,” என்றான்.

ஆம்ப்பைத் திருப்பினார்கள். கீழே டயர் கடையில் இரண்டு பழைய மெத்தைகள் கிடைத்தன. பிரகாஷ் பீரோவைத் திறந்து, பஞ்சில் பொதிந்த பெட்டியிலிருந்து தன் ரிப்பன் மைக்கை எடுத்தான். அதற்குள் ஈயத்தாளைவிட மெல்லிய ஒரு உலோகப் பட்டை தொங்குகிறது. வேகமாகக் காற்றடித்தாலே பிய்ந்துவிடும். மற்ற மைக்குகள் கூர்மையாகக் கேட்பதை அது மென்மையாகக் கேட்கும். முன்னாலும் பின்னாலும் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் செவிடு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆம்ப்பின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி அதை வைத்தான்.

ஜெமிமா நாலு சுரம் வாசித்ததுமே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அனுப்பினார்கள். சந்திரமோகன் உடனே கூப்பிட்டார். குரலில் முதல் முறையாக ஓர் அவசரம் இருந்தது. “கிட்ட வந்துட்டீங்க. ஆனா இது ஒரு அடைச்ச ரூம்ல இருக்கு. அதுல மேல ஒரு காத்தோட்டம் இருந்துச்சு பாருங்க, அது இல்ல. அது வந்தா போதும். ஆறு மணிங்க, ஞாபகம் வச்சுக்கங்க.”

காற்றோட்டம் என்று அவர் சொன்னது அந்த ஓட்டுக் கூரையை. பஞ்சு ஒட்டிய அறையில் அதைச் செய்ய முடியாது.

“வூட்டுக்குப் போலாமா?” என்றாள் ஜெமிமா.

ஆம்ப்பும் லேப்டாப்பும் ஆட்டோவில் ஏறின. ரிப்பன் மைக்கைப் பிரகாஷ் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். பஸ் நிலையம் தாண்டுவதற்குள் இரண்டு காவடிக் கூட்டங்கள். மஞ்சள் துணியும் வேர்வையுமாக ஆட்கள் ஆட்டோவை உரசிக்கொண்டு ஆடினார்கள். பிரகாஷ் மலையைப் பார்த்து, முருகா, வழி விடு என்று மனதுக்குள் கேட்டான். பக்கத்தில் ஜெமிமாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. இரண்டு வேண்டுதலும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஆடிக்கொண்டிருந்த ஒருவர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். பிரகாஷ் மடியில் இருந்ததை அணைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தார். தன் ஆட்களைக் கையால் ஒதுக்கி வழி செய்து கொடுத்தார்.

கே.ஜி.கண்டிகையில் இறங்கும்போது ஐந்து மணி தாண்டியிருந்தது. வாசலில் நின்றிருந்த கன்னியம்மாள் துண்டுச் சுருளைப் பார்த்தாள்.

“இன்னாப்பா, மைக்குக்குத் துணி சுத்தி எடுத்துகினு வர. பச்சக் கொழந்தயா அது?”

“அதவிட நோஞ்சாம்மா. காத்து பட்டா செத்துடும்.”

“அப்ப எங்க வூட்டு நோஞ்சானப் பாரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “காலையில தடுப்பூசி போட்டோம். மத்தியானம் பூரா ஜுரத்துல கத்தல். அனிதாவும் சேந்து அழுதா. இப்பத்தான், ஒரு கா மணி நேரம் இருக்கும், கண்ண மூடுச்சு.”

ஜெமிமா கிட்டார் பையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். ஜிப்பைத் திறக்கவில்லை.

உள்ளே எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்தார்கள். பழைய மூலையில் மெத்தையையும் போர்வைகளையும் அடுக்கி, ஆம்ப்பை அதைப் பார்க்க வைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் ஆம்ப் உறுமும், அதனால் போடவில்லை. பிரகாஷ் ஆம்ப்பின் முதுகிலிருந்து ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து நடுச்சுவருக்கு மேலே இருந்த இடைவெளிக்கும் கண்ணாலேயே கோடு போட்டான். மைக்கை முதலில் வைத்ததைவிட உயரமாக, கூரையைப் பார்த்துச் சற்றே சாய்த்து நிறுத்தினான். செவிட்டுப் பக்கத்தைத் தெருவுக்குக் காட்டினான். சரியா என்று கேட்டுப் பார்க்க வழியில்லை. மைக் வைப்பவன் காதால்தான் இடம் தேடுவான்; அவனுக்கு அன்று அது கிடைக்கவில்லை.

சுவருக்கு அப்பால் குழந்தையின் மூச்சு கேட்டது. ஜுரத்தில் வரும் குறுகிய மூச்சு. இந்த வீட்டில் நின்றுகொண்டு அதை எண்ண முடிந்தது.

பிரகாஷ் போனைப் பார்த்தான். ஐந்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மெட்டு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. குழந்தை விழித்தால் என்ன, கொஞ்சம் அழும், மறுபடி தூங்கும். குழந்தைகள் அழுவது உலகத்தில் நடக்காததா? ஆனால் இவளுக்கு இந்த நாள் மறுபடி வருமா? இந்த எண்ணம் அவனுக்குள் மிகவும் நியாயமான முகத்தோடு வந்து நின்றது.

“ஜெமி,” என்று கிசுகிசுத்தான். “மூணே நிமிஷம்.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

நடுச்சுவருக்கு அப்பால் அனிதாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் வாசல் வழியாக வந்து எட்டிப் பார்த்தாள். கண்கள் சிவந்து, முடி கலைந்திருந்தது. “அக்கா, நீ வாசி. நான் பாப்பாவத் தூக்கிகினு தெருக்கோடிக்குப் போறேன். எங்களால உன் வேல கெட வேணாம்.”

“சும்மா இரு அனிதா. ஜுரத்துல தூங்கற கொழந்தைய யாராவது எழுப்புவாங்களா? போய் நீயும் கொஞ்சம் படு.” அவள் போனபிறகு ஜெமிமா பிரகாஷ் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். “இந்தக் கொழந்த தூங்கணும்னுதாண்ணா அன்னிக்கு ஆம்ப்பத் திருப்பினேன். இன்னிக்கு அதையே எழுப்பிட்டு அந்தச் சத்தத்த எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்?”

பிரகாஷ் மைக்கை விட்டு விலகி வந்தான். அவன் தரையில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். வேர்த்துக் கொட்டியது, மைக்குக்காக மின்விசிறியையும் போடவில்லை. தெருவில் ஒரு பைக் போனது. சுவருக்கு அப்பால் மூச்சு ஒரு கணம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. விழித்துவிடு என்று வேண்டவும் முடியாமல், தூங்கு என்று வேண்டவும் மனம் வராமல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரகாஷின் கையில் போன் அதிர்ந்தது. அவன் செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடினான்.

“என்ன பிரகாஷ், அனுப்பலையே? சார் ரெண்டு தரம் கேட்டுட்டாரு.”

கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம். நெட் இல்லை என்று சொல்லலாம். அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு அவன் வாயில் பொய் வரவில்லை.

“மைக் எல்லாம் வச்சிட்டோம் சார். அந்த வீடியோல இருக்கிற கொழந்ததான், பக்கத்து வூட்ல ஜுரமா தூங்குது. தடுப்பூசி போட்டிருக்காங்க. வாசிச்சா முழிச்சிக்கும். அந்தப் பொண்ணு வாசிக்க மாட்டேன்னு சொல்லுது. எனக்கும் அதுக்கு மேல சொல்ல மனசு வரல.”

மறுமுனையில் பின்னால் யாரோ தாளம் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பிரகாஷ் வெட்டுக்காகக் காத்திருப்பவன்போல நின்றான்.

“நான் இன்னும் மத்தியானச் சாப்பாடே சாப்பிடல,” என்றார் சந்திரமோகன்.

“சார்?”

“காலையில இருந்து உங்ககூடத்தானே மல்லு கட்டிகிட்டு இருக்கேன். இப்ப போய் சாப்பிடப் போறேன். மெஸ் கொஞ்சம் தூரம். பைல் எல்லாம் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, நான் வராம வேற ஆளை வச்சு இங்க யாரும் எதையும் தொட முடியாது. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்.” நிறுத்தினார். “திரும்பி வந்ததும் மெயிலப் பாப்பேன். அவ்ளோதான் என்னால முடியும்.”

அவர் போனை வைத்துவிட்டார். பிரகாஷ் தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பினான். அந்த மனிதரின் முகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆறு மணி வந்தது, போனது. சபையின் மணி எங்கோ அடித்தது. பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எழுப்பாமல், குழந்தை தானாக ஒரு முறை சிணுங்கியது. அனிதா எழுந்த சத்தம் கேட்டது. தாயின் மடியில் குழந்தை பால் குடிக்கும் சத்தமும் கேட்டது. ஜெமிமா அசையவில்லை.

“அக்கா,” என்று சுவருக்கு மேலே குரல் வந்தது. “குடிச்சிட்டா. முழிச்சிகினுதான் கீறா. அழல. ஓட்டப் பாத்துகினு கீறா. நீ வாசி.”

“நெசமாவா?”

“ஆங். அவதான் உனக்காகக் காத்துகினு கீற மாதிரி கீது.”

ஜெமிமா பையின் ஜிப்பைத் திறந்தாள். பிரகாஷ் ஆம்ப்பின் சுவிட்சைப் போட்டான். அது சூடாகி முனகத் தொடங்கியது. லேப்டாப்பில் பதிவின் அளவைக் கண்மதிப்பில் வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினான்.

சரியாக அந்த நேரத்தில் தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கத்தியது. பழைய இரும்பு, பிளாஸ்டிக், உடைஞ்ச சேர்.

பிரகாஷ் கையை இறக்கவில்லை; அப்படியே நின்றுவிட்டான். வாசலில் கன்னியம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அரை நிமிடத்தில் ஒலிபெருக்கி அடங்கியது. இன்னும் சற்று நேரத்தில் எஞ்சின் சத்தமும் அடங்கியது. பிரகாஷ் தலையசைத்தான். அவள் வாசித்தாள்.

அது வந்தபோது அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஆம்ப்பின் முதுகிலிருந்து கிளம்பி ஓட்டில் பட்டு இறங்குகிற சத்தம். கூர்மை எதுவும் இல்லை. ஒருவர் மற்றொருவரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்று பேசும்போது குரலில் வரும் ஒரு பதம், அதுதான் இருந்தது. எந்த மைக்கும் தானாக அதை உண்டாக்க முடியாது. இருக்கிற இடத்தில் போய் வாங்கிக்கொள்ள மட்டுமே முடியும்.

கடைசிச் சுரம் ஓயும்வரை பிரகாஷ் பதிவை நிறுத்தவில்லை. ஒரே ஒரு முறைதான் வாசித்தாள். அனுப்பிவிட்டு ஆம்ப்பை அணைத்தார்கள்.

கன்னியம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். “எழவு வூடான்னு கேக்கறான் அந்த ஆட்டோக்காரன். இல்லடா, எங்க ஜெமிமா சினிமாவுக்கு வாசிக்கறான்னேன். எஞ்சின நிறுத்திட்டு, எறங்கி தள்ளிகினே போனான் பாவம்.”

ஜெமிமா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

போன் வர வெகு நேரம் ஆனது. வந்ததும் பிரகாஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

“சாப்பிட்டு வந்தேன்,” என்றார் சந்திரமோகன். குரலில் எதுவும் தெரியவில்லை. “வந்து பார்த்தேன், இருந்துச்சு. சாருக்குப் போட்டேன். பாதியிலயே நிறுத்தச் சொன்னாரு.”

ஜெமிமா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்திட்டு, ஏன் இன்னும் இதைக் கேட்டுகிட்டு இருக்கே, பாட்டுல வைன்னாரு. வச்சாச்சு. அந்தப் பொண்ணு முழுப் பேரு, இனிஷியலோட அனுப்புங்க. பாட்டு வாசிச்சவங்க லிஸ்ட்ல போடணும்.”

பிரகாஷ் நன்றி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர், “பாப்பாவுக்கு ஜுரம் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

பிரகாஷுக்குத் தெரியவில்லை. அவன் நடுச்சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “அனிதா, சென்னையில இருந்து கேக்கறாங்க. பாப்பாவுக்கு ஜுரம் எப்பிடிக் கீது?”

ஓட்டுக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகப் பதில் மிகவும் மெதுவாக வந்தது.

“கொறஞ்சிருக்குன்னு சொல்லுங்கண்ணா. மெதுவா பேசுங்க, மறுபடி தூங்கிட்டா.”